பெட்ஷீட்டுக்கு ஒரு மூச்சு

ஆறு வருஷமாக அவன் பாடவில்லை. ஆஸ்பத்திரிப் பாட்டுக் குழுவின் பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான்.

இது மூன்று பேருக்குத் தெரியும். ஒருத்தி, அப்படி அசைக்கச் சொன்ன மேட்ரன். குழுவை நடத்துபவள் அவள்தான். இரண்டாவது, அவனுக்கு முன்னால் நிற்கும் ஆம்புலன்ஸ் டிரைவர். முதுகுக்குப் பின்னால் சத்தமே வரவில்லை என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? மூன்றாவது அவனுடைய மச்சான். மனைவியின் தம்பி, சலவைக்கூடத்தில் அதே இஸ்திரி உருளையில் துணியின் மறுமுனையைப் பிடிப்பவன்.

மனைவிக்குத் தெரியாது.

முதல் வருஷ விழா முடிந்து வீடு திரும்பும்போது அவள் சொன்னாள், "அத்தன பேருக்கு நடுவுல உங்க குரல் மட்டும் தனியாத் தெரிஞ்சுதுங்க. அடியில கனமா, பீப்பாய உருட்டற மாதிரி." அது டிரைவரின் குரல். அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "அப்படியா?" என்று மட்டும் கேட்டு வைத்தான். அந்த "அப்படியா"வை வைத்துக்கொண்டு ஆறு விழாக்களை ஓட்டிவிட்டான். ஒவ்வொரு விழா முடிந்ததும் அவள் தன் அக்காவுக்குப் போன் போட்டு அந்தக் கனமான குரலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். வீட்டில் பாடச் சொல்லிக் கேட்டால், தொண்டை கட்டியிருக்கிறது என்பான். எட்டு மணி நேரம் மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவன் பேச்சுக்குரல் கரகரத்துக் கிடந்ததால் அவளும் நம்பினாள்.

வாயசைக்கிற வேலைக்கு எதற்குப் போக வேண்டும் என்று மச்சான் ஒரு தடவை கேட்டான். புதன்கிழமை ஒத்திகைக்குப் போனால் இரண்டு மணி நேரம் உருளையின் சூட்டிலிருந்து தப்பலாம் என்றான் அவன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

அவன் பாடியதெல்லாம் மிஷினுக்குத்தான். ஈர விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, சூடான உருளைக்குள் விட வேண்டும். துணி போய்க்கொண்டிருக்கும் ஒன்பது விநாடியும் அவன் பாடுவான். குனிந்து அடுத்ததை எடுப்பான். மறுபடி விடுவான், பாடுவான். அந்த இரைச்சலில் எதிர்முனையில் நிற்கிற மச்சானுக்கே உதடு அசைவதுதான் தெரியும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆபரேஷன் தியேட்டருக்குத்தான், சலவைக்கூடத்துக்கு இல்லை. உருளை ஒரு முனகலோடு நின்றது. அவன் வரியின் நடுவில் இருந்தான். பிரேக் போட்ட பிறகும் வண்டி கொஞ்ச தூரம் போகுமே, அந்த மாதிரி குரல் போய்க்கொண்டே இருந்தது. அந்த அமைதியில் அவன் தன் குரலைத் தானே ஆறு வருஷத்தில் முதன்முறையாகக் கேட்டான். மெல்லிசாக, உயரத்தில், இழுத்துக் கட்டிய நூல் மாதிரி இருந்தது. சட்டென்று வாயை மூடினான்.

வாசலில் மேட்ரன் நின்றிருந்தாள். கையில் பொத்தான் அறுந்த கோட்டு ஒன்று. சண்டை போட வந்திருந்தாள்.

"யாரு பாடினது?"

மடிப்பு மேசையிலிருந்த அக்கா அவனைக் கை காட்டினாள். பதினெட்டு வருஷமாகத் துணி மடிக்கிறவள், யாரையும் காட்டிக்கொடுக்கத் தயங்காதவள்.

"நீயா?" மேட்ரன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "லேப் பொண்ணுக்குத் தொண்டையில ஆபரேஷன். ஒரு மாசம் பேசவே கூடாது. வர்ற சனிக்கிழம புது வார்டு திறப்பு. முதல் நாலு வரிய நீ தனியாப் பாடற."

"மேடம், நீங்கதான என்னை வாய மட்டும்…"

"சொன்னேன். இப்ப பாடுன்னும் நான்தான் சொல்றேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது "சரி மேடம்".

அவள் போனதும் மச்சான் துணி வண்டி மேல் ஏறி உட்கார்ந்தான். "மாமா, யோசிச்சுத்தான் சொன்னியா? எங்கக்காவும் வருமே, உன் பாட்டக் கேக்க."

"தெரியும்."

"உன் குரல் இது. அக்கா காதுல இருக்கறது டிரைவரோட குரல். நீ முதல் எழுத்து பாடினதுமே குட்டு உடைஞ்சிடும்."

"தெரியும்டா."

"அப்ப மாட்டேன்னு சொல்லிடு. காய்ச்சல்னு சொல்லிடு. ஆஸ்பத்திரில காய்ச்சலுக்கா பஞ்சம்?"

பாடினால் ஆறு வருஷப் பொய் மேடையிலேயே அவிழும். பாடாவிட்டால் சாகும்வரை வாயசைக்க வேண்டும். அன்று பகல் முழுக்க இரண்டையும் மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்தான். தராசு அசையவே இல்லை.

புதன்கிழமை ஒத்திகையில் வேறொரு வம்பு வந்தது.

பாட்டை எக்ஸ்ரே எடுப்பவர் எழுதியிருந்தார். தனியாகப் பாட வேண்டிய வரிகள் நான்கு:

ஜன்னலைத் திறந்துவை, வெயில் உன்னை விசாரிக்க வந்திருக்கு.
நேற்றும் வந்து, நீ தூங்கக் கண்டு, திரும்பித்தான் போச்சு.
எழுந்திரு.
எழ முடியாட்டி என்ன, கையை மட்டும் நீட்டு.

முதல் வரியைத் தொடங்கினான். குரல் நடுங்கினாலும் சரியாகத்தான் ஏறியது. "ஜன்னலைத் திறந்துவை, வெயில் உன்னை விசா…" அங்கே நின்றது. இடுப்பு மடங்கியது. குனிந்து, மூச்சு இழுத்து, நிமிர்ந்து, "…ரிக்க வந்திருக்கு" என்றான்.

மேட்ரன் உயர்த்திய கையை இறக்கினாள்.

"எந்த நாட்டுக்கு விசாப்பா?" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"கும்பிடு வேற போட்டுக் கேக்கறாரு," என்றாள் பின்னாலிருந்து ஒரு நர்ஸ்.

அறையே குலுங்கியது. மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. "மறுபடி," என்றாள். மறுபடியும் அதே இடத்தில் குனிந்தான். குனியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் மூச்சே வரவில்லை. முகம் சிவந்து இருமினான். பதினோரு தடவை பாடினான். பதினோரு தடவையும் ஒன்பதாவது விநாடியில் உடம்பு தானாக அடுத்த துணியை எடுக்கக் குனிந்தது.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடியும் இதேதான்," என்றாள் மேட்ரன். "சரி பண்ணிட்டு வா. வெள்ளிக்கிழம சாயங்காலம் கேப்பேன். இல்லேன்னா லேப் பொண்ணு போன வருஷம் பாடினத ஸ்பீக்கர்ல போட்டுடுவேன்."

வியாழக்கிழமை காலையில் ஒத்திகையில் நடந்ததை மச்சானிடம் சொன்னான். கேலி செய்வான் என்று எதிர்பார்த்தான். மச்சான் தாடையைச் சொறிந்துகொண்டு உருளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்ஷீட்டுக்கு ஒன்பது விநாடி. அதான மாமா உன் மூச்சு?"

"ம்."

"தியேட்டர் பச்சைத் துணிக்கு?"

பச்சைத் துணி ஆபரேஷன் மேசைக்கு விரிப்பது, பெட்ஷீட்டைவிட ஒன்றரை மடங்கு நீளம். "பதினாலு இருக்கும்."

"தலகாணி உறைக்கு மூணு. உன் முதல் வரி எவ்ளோ நீளம்?"

மேற்கொண்டு பேச வேண்டியிருக்கவில்லை. மச்சான் மூன்று வண்டிகளையும் இழுத்து வந்து துணிகளைக் கலைத்துப் புதிதாக அடுக்கினான். முதல் வரிக்கு ஒரு பச்சைத் துணி. இரண்டாவது வரிக்கு இன்னொன்று. "எழுந்திரு"வுக்கு ஒரு தலையணை உறை. கடைசி வரிக்கு ஒரு பெட்ஷீட். பிறகு மறுபடி பச்சையிலிருந்து. அந்த வரிசையிலேயே இருவரும் உருளைக்குள் விட்டார்கள். அவன் பாடினான். வரி முடிகிற இடத்தில் துணியும் முடிந்தது. குனிந்தான், மூச்சு இழுத்தான். முதன்முறையாக விசாரிப்பு முழுசாக முடிந்தது.

உருளையின் மறுபக்கத்தில் மடிப்பு அக்காவுக்குப் பொறுமை போனது. "டேய், என்னடா இது, பச்சை, உறை, வெள்ளைன்னு மாறி மாறி வருது? ரெண்டு பேருக்கும் சூடு தலைக்கேறிடுச்சா? இத நான் எந்த வார்டுன்னு கட்டறது?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா," என்று மச்சான் கத்தினான். "ஒரு பாட்டு வெந்துட்டு இருக்கு."

"வெந்துதோ கருகுதோ, பிரசவ வார்டுக்குப் பச்சைத் துணி போச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் அதுலயே கட்டி அனுப்பிடுவேன்."

அன்று இருநூறு தடவைக்கு மேல் பாடினான். வெள்ளிக்கிழமை அதற்கும் மேல். சாயங்காலம் மேட்ரன் முன்னால் நின்றபோது, மச்சான் எதிரே உட்கார்ந்து, இல்லாத துணியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் விரல் விரிந்தபோதெல்லாம் இவன் மூச்சு இழுத்தான். இடுப்பு மடங்கவில்லை, முழங்கால் லேசாகத் தளர்ந்ததோடு சரி. மேட்ரன் இரண்டு தடவை கேட்டாள். "நாளைக்கும் இவன முன்னாடி உக்கார வை," என்றாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

மூச்சு சரியாயிற்று. பொய் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலையில் மனைவி அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியை அவன் தொடுவதில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்குக்கா. அத்தானையும் இழுத்துட்டு வா. இத்தன வருஷமாக் கூட்டத்துக்குள்ள கேட்ட குரல், இன்னிக்குத் தனியா. நான் சொன்னேன்ல, பீப்பாய் மாதிரி…"

போனை வைக்கும்வரை காத்திருந்தான்.

"உங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"நானும் ஒன்னு சொல்லணும். மேடைல கைய பாக்கெட்ல விடாதீங்க. கடன் கேக்க வந்தவர் மாதிரி இருக்கும்."

"அதில்ல. இன்னிக்கு என் குரல்… நீ நெனக்கிற மாதிரி இருக்காது."

"தனியாப் பாடினா பயத்துல கொஞ்சம் மாறத்தான் செய்யும். எனக்குத் தெரியாதா?"

"பயமில்ல. அது வந்து…"

"ஐயோ, உங்க அடக்கத்துக்கு ஒரு அளவே இல்ல." சட்டையை உதறி அவன் கையில் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. "போட்டுப் பாருங்க."

போட்டுக்கொண்டான். சொல்லவில்லை. பேருந்தில் போகும்போது சொல்லலாம் என்று நினைத்தான். பேருந்தில் கூட்டம்.

வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில்தான் விழா. தரையோடு சேர்த்து முடுக்கிய நாற்காலிகள், சுவரில் வரிசை எண் காட்டும் பலகை. அதை யாரும் அணைக்கவில்லை. காலையிலேயே போய்விட்ட யாரோ ஒருவருக்காக 112 என்று சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. சுவரோரம் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

மனைவி இரண்டாவது வரிசையில், அவளுக்குப் பக்கத்தில் அக்கா. மூன்றாவது வரிசை ஓரத்தில் மச்சான் இரண்டு கையையும் முட்டி மேல் தயாராக வைத்திருந்தான். மேடையில் நின்றவன் கண்ணுக்கு நேராக அந்தக் கைகள் தெரிந்தன. மேட்ரன் பேச்சாளர்களை ஒவ்வொருவராக முடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை ஈரத்தை அவன் சட்டையில் துடைத்தான். நாலு வரியையும் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தான். பச்சை, பச்சை, உறை, வெள்ளை.

மேட்ரன் அவனைப் பார்த்துத் தலையசைத்த நேரத்தில் சகலை உள்ளே வந்தார். மனைவியின் அக்காவுடைய கணவர். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற அகலம். தாமதமாக வந்ததற்காகக் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடி வரிசையில் புகுந்து, மச்சானுக்கு நேர் முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார்.

கைகள் மறைந்தன. மச்சானின் தலை ஒருமுறை வலப்பக்கம் எட்டிப் பார்த்தது, பிறகு இடப்பக்கம். சகலையும் அதே பக்கமாகச் சாய்ந்து வசதி பார்த்துக்கொண்டார். கீபோர்டில் முதல் ஸ்வரம் ஒலித்துவிட்டது.

இனி பார்ப்பதற்கு மனைவியின் முகம் மட்டும்தான் இருந்தது. அவள் சிரித்த முகமாக, அக்காவின் தொடையில் தட்டி, இதோ, இப்போ கேள் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலைத் திறந்துவை…"

நூல் குரல் கூடத்தின் கூரை வரை ஏறியது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கண் அவனை விட்டு நகர்ந்து, பாடுவது யார் என்று தேடியது. வலப்பக்கம் போனது. பின்னால் நின்றவர்களிடம் போனது. ஆம்புலன்ஸ் டிரைவர் வாயை மூடிக்கொண்டு நின்றார். கண் திரும்பி வந்து இவன் உதட்டில் நின்றது.

ஆனால் பச்சைத் துணி உருளைக்குள் போய்விட்டிருந்தது. பாதியில் இழுத்தால் கிழியும். அது அவன் கைக்குத் தெரியும். "…விசாரிக்க வந்திருக்கு." மூச்சு. இரண்டாவது பச்சை. "நேற்றும் வந்து, நீ தூங்கக் கண்டு…" அக்கா மனைவியின் காதில் ஏதோ கேட்டாள். "திரும்பித்தான் போச்சு." மூச்சு. "எழுந்திரு." சக்கர நாற்காலியிலிருந்த கிழவர் ஒருவர் நிஜமாகவே தலையைத் தூக்கினார்.

கடைசி வரி. பெட்ஷீட். பழைய, பழகிய ஒன்பது விநாடி.

"எழ முடியாட்டி என்ன, கையை மட்…"

சகலை இவன் மனைவி பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லிச் சிரித்தார். எண்ணிக்கை கைவிட்டுப் போனது. அவன் இடுப்பு மடங்கியது. இருநூறு பேருக்கு முன்னால், வரியின் நடுவில், முழுசாகக் குனிந்து, இல்லாத துணியை இல்லாத வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"…டும் நீட்டு."

யாரோ களுக்கென்றார்கள். மேட்ரன் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு கையை உயர்த்தினாள். இருபத்து மூன்று பேரும் சேர்ந்து அதே வரிகளைத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து பீப்பாய் உருண்டது. மனைவியின் கண் நேராக டிரைவரின் வாய்க்குப் போனது. இந்தத் தடவை அந்த வாய் திறந்திருந்தது.

சேர்ந்து பாடும்போது அவன் வாயசைக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவன் பாடினான். இனி யாரிடம் மறைப்பது? இருபத்து மூன்று குரலுக்கு மேல் நூல் தனியாக ஓடியது, இரண்டு இடத்தில் தப்பாக நின்றது. மேட்ரன் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.

விழா முடிந்து சலவைக்கூடத்துக்குப் போகும் நடைபாதையில் மனைவி நின்றிருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். தூரத்தில் அவர்களைப் பார்த்த மச்சான் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

"அது அந்த டிரைவர் குரலா?"

"ஆமா."

"ஆறு வருஷமும்?"

"ஆமா."

"அப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"வாய மட்டும் அசைச்சேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். சுவரில் கை கழுவும் முறை ஏழு படங்களில் ஒட்டியிருந்தது. ஏழையும் பார்த்து முடித்தாள்.

"அக்காகிட்ட, அத்தான்கிட்ட, பக்கத்து வீட்டுல… எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? அந்த ஆளு பொண்டாட்டிகூட இவ்ளோ பெருமை பேசியிருக்க மாட்டா."

"காலைல சொல்ல வந்தேன்."

"காலைலயா? ஆறு வருஷத்துல இன்னிக்குக் காலைலதான் நேரம் கெடச்சுதா உங்களுக்கு?"

துணி வண்டி ஒன்று கடகடத்துப் போகும்வரை இருவரும் ஒதுங்கி நின்றார்கள்.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "சன்னமா இருக்கு. பழகணும்."

"ம்."

"நடுவுல எதுக்குக் குனிஞ்சீங்க? அத்தான் வேற, நீங்க குனிஞ்ச உடனே, 'உன் புருஷன் யாருக்குக் கும்பிடு போடறாரு'ன்னு சபையிலயே கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத்தான்னேன். மன்னிப்பு கேக்கறாருன்னு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை.

"அப்ப அப்படியே வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்," என்றாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "ஆனா ஆறு வருஷத்துக்கு ஒரு தடவ குனிஞ்சாப் பத்தாது."